இருமுறை கற்ற நூல்

நற்குணமுடையாரது நட்புப் பழகுந்தோறும் இன்பம் மிகுவதென்று சொல்ல வந்த திருவள்ளுவனார், அதற்கு உவமையாக நூலின் நயத்தை எடுத்துக்கொண்டார். நல்ல நூல் ஓதுந்தோறும் முன்னர்ப் புலப்படாத சுவையைப் புலப்படுத்தும். நல்லார் கேண்மையும் அத்தகையதே என்பது அப்பெரியார் கருத்து. இக்குறளை யாம் இளமையில் நெட்டுருச் செய்தோம். பொழிப்புரை எழுதித் தேர்வில் மதிப்பெண்ணும் பெற்றோம். ஆயினும் அதன் பொருளை அறிந்தோமல்லோம். ஒரு நூலை ஒருகால் படித்து முடித்த அளவிலே அதனை அளந்துவிட்டதாகவும், ஒரு நண்பனோடு மூன்றாண்டு ஓரறையில் உறைந்த அளவிலே அவனை அறிந்துவிட்டதாகவும் எண்ணியிருந்தோம். இவ்விரண்டும் பிழையென்பதை எமக்கு உணர்த்தியது ஓர் ஆங்கிலக் கற்பனைக் காதற்கதை. அதனை இரண்டாம் முறை கற்ற வரலாற்றையே ஈண்டு எழுதப் புகுகின்றோம்.

அந்நூலின் பெயர் 'பாந்தஸ்தீஸ்'. அதனை இயற்றியவர் ஸ்காத்லாந்து தேசத்து ஹன்ட்லி என்னும் ஊரில் 1824-ஆம் ஆண்டு பிறந்த ஜார்ஜ் மக்டோனல்ட். அவர் அபர்தீன் நகரத்திற் கல்வி பயின்று, 1850-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் தென்பாலுள்ள அருண்டல் என்னும் ஊரில் ஒரு சபைக்குக் குருவாக அமர்ந்தார். கிறிஸ்துவை அறியாது இறந்தோர்க்கும் மறுமையில் இரக்கம் கிட்டக்கூடுமென்று அவர் நம்பியதும், ஜெர்மானியப் புலவர்பால் ஈடுபட்டதும் சபைத் தலைவர் சிலர்க்கு உவப்பாகவில்லை. அவரது ஊதியம் குறைக்கப்பட்டது. 1853-இல் அப்பணியை அவர் துறந்தார். நுரையீரல் நோயும் வறுமையும் ஒருங்கே வருத்த, எழுத்தையே தொழிலாகக் கொண்டு குடும்பத்தைக் காத்தார். அந்நாட்களில், 1858-ஆம் ஆண்டில், வெளிவந்தது இந்நூல். வளர்ந்த ஆடவர்க்கும் மகளிர்க்கும் உரிய தேவதைக் கதை என்று அதன் முகப்பிலேயே ஆசிரியர் குறித்தார். அக்குறிப்பின் கருத்தை யாம் முதன்முறை கவனித்தோமில்லை.

கதைத் தலைவன் அநோதோஸ் என்பான். அவன் 21 வயது நிரம்பிய நாளில், இறந்துபோன தந்தையின் எழுதுபெட்டியைத் திறக்கின்றான். அதனுள்ளிருந்து சிறியதோர் உருவுடைய மங்கை தோன்றி, மறுநாள் அவன் தேவதைகளின் நாட்டை அடைவான் என்று கூறி மறைகின்றாள். மறுநாட் காலையில் அவன் கண்விழித்தபோது, முகங்கழுவும் பச்சைப் பளிங்குத் தொட்டி ஊற்றாய்ப் பெருகித் தரைமேல் ஓடையாகச் செல்கின்றது. கம்பளத்திற் சித்திரித்த புல்லும் பூவும் மெய்ப்புல்லாய் அசைகின்றன. மேசையிற் செதுக்கிய கொடி உயிர்பெற்றுத் தளிர்விடுகின்றது. ஓடையைத் தொடர்ந்து அவன் காட்டினுட் செல்கின்றான். 25 அதிகாரங்களும் அவனது அலைவையே கூறுவன.

எமது பதினெட்டாம் வயதில், கல்லூரி விடுதியில் எம்மோடு ஓரறையில் இருந்த நண்பனொருவன் இந்நூலை நூல்நிலையத்தில் எடுத்து வந்து, படித்தே ஆகவேண்டுமென்று எம் கையில் வைத்தான். அவன் சிற்றூரிலிருந்து வந்தவன், பேசுவது குறைவு, ஒன்றை விரும்பினால் உள்ளூற விரும்புவான். யாமோ அந்நாளில் தருக்க நூலைப் புதிதாகக் கற்று, எதனையும் காரணகாரிய முறையால் ஆராய்வதில் பெருமை கொண்டிருந்தோம். இரண்டு மாலைப்பொழுதில் நூலைப் புரட்டி முடித்தோம். இடையிடையே பாட்டுக்கள் வந்தவிடத்தெல்லாம் அவற்றைத் தாண்டிச் சென்றோம். முடிவில், இது கதையன்று, கோவையற்ற கனவு என்று தீர்ப்புக் கூறினோம்.

தீர்ப்போடு நின்றிருந்தால் இக்கட்டுரைக்கு இடமில்லை. நண்பன் அந்நூலின் முதல் ஏழு அதிகாரங்களைத் தமிழிற் பெயர்த்து ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தான். எமக்கு அதனைக் காட்டியபோது அவன் முகத்தில் இருந்த நாணமும் ஆவலும் இன்றும் எம் கண்முன் நிற்கின்றன. மூலத்தில் அநோதோஸை விழுங்கத் துரத்தும் பொல்லாத மரம் ஒன்றுண்டு. அவனைக் காக்கும் அருளுடைய மரம் ஒன்றுண்டு. முன்னது 'ஆஷ்', பின்னது 'பீச்'. இரண்டும் நம் ஊர்களில் இல்லாதன. நண்பன் முன்னதைப் புளியமரம் என்றும், பின்னதை வேப்பமரம் என்றும் எழுதியிருந்தான். இதனைக் கண்ட யாம் நகைத்தோம். அது போதாதென்று, அன்றிரவு விடுதியின் உணவுக் கூடத்தில் அக்குறிப்பேட்டை எடுத்துச் சென்று, குரலை மாற்றிப் பலர் கேட்கப் படித்து, "ஸ்காத்லாந்துக்காரர் கண்ட புளியமரம்!" என்று எள்ளினோம். கூடம் முழுதும் சிரித்தது. நண்பனும் சிறிது புன்னகைத்தான். பின் குறிப்பேட்டை வாங்கிக்கொண்டு சென்றான். எம்மோடு அவன் பேசுவதை நிறுத்தவில்லை. ஆனால் அந்நூலைப்பற்றி ஒரு சொல்லும் பின்னர்ப் பேசியதில்லை. அதனை யாம் எமது வாதத்தின் வெற்றியென்றே கொண்டோம்.

ஆண்டுகள் 22 சென்றன. யாம் கற்ற கல்லூரியிலேயே ஆசிரியராயினோம். நூல்நிலையத்திற் பழுதுற்ற நூல்களையும், பல்லாண்டுகளாக எவரும் எடுத்துச் செல்லாத நூல்களையும் பிரித்து நீக்கும் பணி ஒரு கோடைவிடுமுறையில் எமக்கு இடப்பட்டது. நீக்கத்தக்கவற்றிற்கு இடவேண்டிய முத்திரை எம் கையில் இருந்தது. அடுக்கின் கடைசி வரிசையில் அந்நூல் கிடைத்தது. பின்னட்டையில் ஒட்டிய தாளில் நண்பன் எடுத்துச் சென்ற நாளும் திருப்பிய நாளும் நான்குமுறை குறிக்கப்பட்டிருந்தன. அதன்பின் எவரும் எடுத்ததாகக் குறிப்பில்லை. முத்திரையை இட மனம் வரவில்லை. வீட்டிற்கு எடுத்துச் சென்று அன்றிரவே படிக்கத் தொடங்கினோம்.

எட்டாம் அதிகாரத்தில் எமது வாசிப்பு நின்றது. காட்டினிடையே ஒரு குடில். அதனுள் விளக்கொளியில் ஒரு பெண் தலைநிமிராது நூலொன்றைப் படித்துக்கொண்டிருக்கின்றாள். அங்குள்ள ஒரு கதவைத் திறவாதே என்கின்றாள். அநோதோஸ் திறக்கின்றான். உள்ளே நெடிய இருள்; அதன் கோடியிற் சிறிது வானமும் விண்மீனும்; அத்தொலைவிலிருந்து கரிய உருவமொன்று விரைந்து ஓடிவந்து அவனைக் கடந்து குடிலினுட் புகுகின்றது. அது யாதென்று வினவினால், அஃது அவனது நிழலே, அவனைத் தேடித் திரிந்தது, இப்போது கண்டுகொண்டது என்று அப்பெண் விடையிறுக்கின்றாள். அன்று முதல் அந்நிழல் அவனை விட்டகலவில்லை.

நிழல் செய்த கேடு யாது? அது அவனைக் கொல்லவில்லை; அடிக்கவுமில்லை. அவன் காணும் பொருளின் ஒளியை மட்டும் அவித்தது. இரு கைகளிலும் வியத்தகு விளையாட்டுக் கருவிகளை ஏந்தி வந்த தெய்வக் குழந்தையொன்றின்மேல் அந்நிழல் படிந்தது. உடனே அக்குழந்தை வைக்கோல் தொப்பியணிந்த எளிய சிறுவனாகவும், அக்கருவிகள் கடையில் விற்கும் கண்ணாடிப் பொருள்களாகவும் தோன்றின. தன்னை வஞ்சகத்தினின்று காத்த நல்ல வீரனையும் ஐயுறுமாறு நிழல் அவன் மனத்தைத் திரித்தது. இவற்றினும் கொடியது ஒன்றுண்டு. நாளடைவில் அநோதோஸ் அந்நிழலை விரும்பத் தலைப்பட்டான். மயக்கம் நிறைந்த இந்நாட்டில், பொருள்களை உள்ளவாறு காட்டும் துணைவன் இவனே என்று அதனைப் பாராட்டினான். இவ்விடத்தைப் படித்தபோது எமக்கு வியர்த்தது. தருக்க நூலைக் கையிற்கொண்டு, எவரும் மயங்கும் பொருளில் யாம் மயங்கோம் என்று திரிந்த பதினெட்டு வயது இளைஞனை ஆசிரியர் எங்கே கண்டார் என்று எண்ணினோம்.

அடுத்து வருவதே எம்மைத் தைத்தது. வழியில் ஒரு சிறுமி அநோதோஸுக்குத் துணையாகின்றாள். அவள் கையிற் பளிங்குபோல் தெளிந்த உருண்டையொன்று இருந்தது. மெல்லத் தொட்டால் அதனுள்ளிருந்து இனிய ஓசை எழும். அதுவே அவள் செல்வம். நிழல் சூழ்ந்த ஒரு வேளையில் அநோதோஸ் அதனை அறிந்தே தீர்வேன் என்று இருகையாலும் பற்றினான். சிறுமி கதறினாள், அவன் விடவில்லை. ஓசை மேன்மேல் ஓங்கி, உருண்டை அதிர்ந்து வெடித்தது. அவள் துண்டுகளை எடுத்துக்கொண்டு, தன் உருண்டை உடைந்ததென்று அழுது காட்டினுள் ஓடி மறைந்தாள்.

நூலை மூடினோம். உணவுக் கூடமும், எம் கையிலிருந்த குறிப்பேடும், நண்பனது புன்னகையும் நினைவில் எழுந்தன. நினையாமல் இருந்தோமல்லோம், இடையிடையே அந்நிகழ்ச்சியை நினைத்துச் சிரித்ததும் உண்டு. உடைத்தோம் என்று நினைத்தது அன்றுதான்.

இளமையறியாமையால் முதன்முறை நூலைச் சுவையாது விட்டோம் என்று எம்மை யாமே தேற்றிக்கொள்ள முயன்றோம். அதுவும் நிற்கவில்லை. பிற்காலத்திற் புகழ்பெற்ற எழுத்தாளராய் விளங்கிய சி. எஸ். லூயிஸ் என்பார், 1916-ஆம் ஆண்டில் ஒரு புகைவண்டி நிலையத்துப் புத்தகக் கடையில் இந்நூலை வாங்கிப் படித்தபோது அவருக்கு வயது 17. அவ்விரவே தமது கற்பனை ஞானஸ்நானம் பெற்றதென்று 1955-இல் வெளிவந்த தம் வரலாற்றில் நன்றியோடு குறித்தார். எம் நண்பனும் எம்மையொத்த வயதினனே. ஆகவே குறை வயதில் இல்லை. அவர்கள் நூலின் முன் அமர்ந்தார்கள். யாம் நூலின்மேல் அமர்ந்தோம்.

இரண்டாம் வாசிப்பில் கோவையற்றதென்று யாம் தள்ளிய பகுதிகளுள் ஒரு நேரிய ஒழுங்கு தோன்றலாயிற்று. இக்கதையின் காதற்பகுதியை எடுத்துக்கொள்வோம். அநோதோஸ் ஒரு குகையிற் பாசி படர்ந்த வெண்கல்லினுள் ஒரு மங்கையின் வடிவைக் காண்கின்றான்; பாடுகின்றான்; கல் உடைந்து அவள் வெளிப்பட்டு அகல்கின்றாள். தான் விடுவித்தவளாதலின் தனக்கே உரியள் என்பது அவன் எண்ணம். பின்னர்த் தேவதை அரண்மனையில் அவளை மீண்டும் கண்டு பாடி உயிர்ப்பித்து, தீண்டலாகாதென்ற விதியை மறந்து பற்றுகின்றான். அவள் வெருண்டு ஓடுகின்றாள். பற்றிய கை மூன்றாம் முறையும் வெறுங்கையே ஆகின்றது: உருண்டை ஒன்று, கதவு ஒன்று, காதலி ஒன்று. இறுதியில் அவள் அவ்வீரனுக்கு உரியவள் என்று அறிந்து, அவ்வீரனுக்கே ஏவலனாகித் தன் காதலைப் பிறர் நலமாக மாற்றுகின்றான்.

நடுவே, அரண்மனை நூல்நிலையத்தில் அவன் படிப்பதாக வரும் காஸ்மோ என்னும் பிராகா நகர மாணவனது கதையும் இதற்கே கண்ணாடியாகின்றது. காஸ்மோ வாங்கிய பழங்கண்ணாடியில் நாள்தோறும் மாலையில் ஒரு மங்கையின் உரு தோன்றும். கண்ணாடி உள்ளளவும் அவள் கட்டுண்டவள். உடைத்தால் அவள் விடுதலை பெறுவாள். ஆனால் அவன் அவளை மீளக் காண்பது உறுதியன்று. அவன் தயங்கிய தயக்கமே அவன் துன்பமாயிற்று. இறுதியில் உடைத்து, அவளை விடுவித்து, உயிர் துறக்கின்றான். முதன்முறை இதனை இடைச்செருகல் என்றோம். ஒருவரை நேசிப்பது வேறு, அவரைக் கைக்கொள்வது வேறு என்பதை அறியாதார்க்கு இஃது இடைச்செருகலாகவே தோன்றும்.

நூலிற் குறை இல்லையென்று சொல்லோம். பாட்டுக்களிற் பல வலியற்றன. வருணனை சிலவிடத்துக் கதையை மூழ்குவிக்கின்றது. வந்த பாத்திரங்களுட் சிலர் எதற்கு வந்தனரென்று இன்றும் எமக்கு விளங்கவில்லை. ஆயினும் குறைகளைக் கண்டபின்னும் விடமுடியாத நூலே நல்ல நூல் என்று இப்போது கொள்கின்றோம். முன்னர் யாம் குறையை எண்ணி நூலைத் தள்ளினோம். இப்போது நூலை விரும்பியே குறையை எண்ணுகின்றோம்.

உருண்டையை இழந்த சிறுமி பிற்பகுதியில் மீண்டும் வருகின்றாள். அநோதோஸ் தன் செருக்கினால் ஒரு கோபுரத்திற் சிறைப்பட்டிருக்கையில், வெளியே ஒரு பாட்டுக் கேட்கின்றது. அதனைக் கேட்டே அவன் கதவைத் திறந்து வெளிவருகின்றான். பாடியவள் அவளே, வளர்ந்து மங்கையாகியிருந்தாள். உடைந்த துண்டுகளைத் தேவதையரசியிடம் கொண்டு சென்றாள். புதிய உருண்டை கிடைக்கவில்லை. ஆனால் இப்போது தானே பாடுகின்றாள், செல்லுமிடமெல்லாம் அப்பாட்டு நலம் செய்கின்றது. அவன்மேல் அவளுக்குச் சினமில்லை. அன்று அவன் தன் கவசத்தைக் கழற்றுகின்றான். நிழலும் அவனை நீங்கியிருந்தது.

இதனைப் படித்தபின் வாளாவிருக்க இயலவில்லை. நண்பன் திருநெல்வேலிச் சீமையில் ஒரு சிற்றூரில் தொடக்கப்பள்ளி ஆசிரியனாக இருப்பதை அறிந்திருந்தோம். ஆண்டுக்கொரு வாழ்த்து மடலன்றி எமக்குள் வேறு தொடர்பில்லை. பள்ளி திறந்தபின் ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல் அவ்வூரை அடைந்தோம். கடைசிப் பாடவேளை. பிள்ளைகள் முற்றத்தில் அமர்ந்திருந்தனர். நண்பன் நின்று கதை சொல்லிக்கொண்டிருந்தான். நிலவில் ஒரு பெருங்கையின் நிழல் தரைமேல் நீண்டு வருகின்றது. விரல்கள் கிளைகளைப்போல் முறுக்குண்டிருக்கின்றன. அது புளியமரத்தின் கை. பிள்ளைகள் ஒருவரையொருவர் பற்றிக்கொண்டனர். சிறுமியொருத்தி, "வேப்பமரத்தம்மா வருவாளா, சார்?" என்று கேட்டாள். வருவாள் என்றான்.

ஆஷ் மரத்தின் பெயரைக் கேட்டு அஞ்ச அங்கே எவருமில்லை. இரவிற் புளியமரத்தடியில் உறங்கலாகாதென்று பாட்டியரிடம் கேட்டும், வாயிலில் வேப்பிலை செருகியதைக் கண்டும் வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். பதினெட்டு வயதில் எம் நண்பன் செய்த பெயர்ப்பு எத்துணைச் செவ்விது என்பதை அன்று கண்டோம்.

பிள்ளைகள் சென்றபின் வந்த காரணத்தைச் சொன்னோம். குறிப்பேட்டைக் காட்டுமாறும் வேண்டினோம். அந்த வாரமே விடுதி வெந்நீரடுப்பில் இட்டுவிட்டதாக அவன் கூறினான். பின்னர் இருமுறை எழுதத் தொடங்கியதாகவும், எழுதுங்கால் எமது குரல் காதில் ஒலித்தமையால் விட்டுவிட்டதாகவும் சொன்னான். குற்றஞ்சாட்டும் தொனியில்லை, நடந்ததைச் சொன்னான். "வாயாற் சொல்லும்போது அந்தக் குரல் கேட்பதில்லை, பிள்ளைகளின் குரல்தான் கேட்கும்" என்றான்.

மங்கை உருண்டையின்றிப் பாடியது மெய்யே. ஆயினும் உடைத்தவன் அப்பாட்டிற்குத் தான் காரணமென்று சொல்லிக்கொள்ளலாகாது. கதையின் அநோதோஸும் சொல்லிக்கொண்டானல்லன். அடுப்பிற் சென்ற ஏழு அதிகாரங்கள் சென்றவையே. யாம் மன்னிப்பு வேண்டினோம். அவன் எம் தோளைத் தட்டி, "எழுந்திரு, வீட்டில் காப்பி ஆறிப்போகும்" என்றான்.

அன்றிரவு திண்ணையில் அமர்ந்து நெடுநேரம் பேசினோம். அவன் கதையைச் சொல்ல, யாம் எழுதித் தரலாமா என்று அஞ்சியஞ்சிக் கேட்டோம். அவன் உடன்படவுமில்லை, மறுக்கவுமில்லை. விடுமுறையில் வா, பார்ப்போம் என்றான். அவ்விடுமுறையை எதிர்நோக்கியிருக்கின்றோம். யாம் அறிந்துவிட்டதாக எண்ணிய நண்பனைப் பற்றி, மூன்றாண்டு ஓரறையில் இருந்தபோது அறிந்ததைக் காட்டிலும் அவ்வோரிரவில் மிகுதியாக அறிந்தோம்.

மாணவ நண்பர்களே, பொருள்களைப் பகுத்தாராயும் அறிவு நுமக்கு வேண்டுவதே. அதனைக் கற்பிக்கவே கல்லூரி உளது. ஆயினும் நும் அறையிலுள்ள தோழன் தான் உள்ளூற விரும்பும் ஒன்றை நாணத்தோடு நும் கையில் வைப்பானாயின், அதனை இருகையாலும் இறுகப் பற்றாதிருங்கள். ஒரு நூல் முதன்முறை நுமக்கு ஒன்றும் கூறாதாயின், குறை அதனுடையதென்று உடனே தீர்ப்புக் கூறாதிருங்கள். சில ஆண்டு கழித்து மீண்டும் கேளுங்கள். நூல் பொறுத்திருக்கும். நண்பன் பொறுத்திருப்பது அவனது பெருந்தன்மை.

அந்நூலை நீக்கற்பட்டியலினின்றும் எடுத்து, அட்டையைத் தைப்பித்து, மீண்டும் அடுக்கில் வைத்துள்ளோம். பின்தாளில் நண்பன் குறித்த நான்கு நாட்களுக்குக் கீழே எமது நாளும் இருக்கின்றது. அதற்குக் கீழ் இடம் நிரம்ப உண்டு.